புயல் யாருக்குத் தண்டனை?

புயலடித்தோ வெள்ளம் பெருகியோ ஓர் ஊர் அழிந்துவிட்டால், நம்மிடையே உடனே இரண்டு பேச்சுகள் எழுகின்றன. "அவர்கள் செய்த பாவம், அனுபவிக்கிறார்கள்" என்பது ஒன்று. "எல்லாம் களா கத்ர், நம் கையில் என்ன இருக்கிறது?" என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு ஈமானின் மொழி போலவே இருக்கின்றன. ஆனால் முதல் பேச்சு துன்பப்பட்டவனைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது பேச்சு, துன்பத்தைத் தடுக்கக் கூடியவனைத் தூங்க வைக்கிறது. ஆகவே, இவ்விரண்டையும் மார்க்கத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நமது கடமையாகும்.

1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்காளதேசத்தின் கடற்கரையை ஒரு பெரும் புயல் தாக்கியது. போலா தீவையும் அதைச் சுற்றியிருந்த தாழ்ந்த திட்டுகளையும் கடல் மூடியது. குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். அது ரமளான் மாதத்தின் நடுப்பகுதி. பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவில் தொழுதுவிட்டுப் படுத்தவர்களில் எத்தனையோ பேர் ஸஹருக்கு எழவில்லை. இவர்களை நோக்கியா "பாவத்தின் கூலி" என்று நாம் தீர்ப்புக் கூறுவது?

நீரில் மூழ்கி இறந்த முஃமினும், இடிபாட்டில் சிக்கி இறந்த முஃமினும் ஷஹீதுகளின் அணியில் சேர்க்கப்படுவார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். அல்லாஹ்வின் தூதர் ஷஹீது என்று சிறப்பித்தவரை, நாம் தண்டிக்கப்பட்டவர் என்று இழிப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

"ஆது கூட்டத்தார் காற்றினால் அழிக்கப்படவில்லையா? நூஹ் நபியின் மக்கள் வெள்ளத்தில் மூழ்கவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால், அவை தண்டனை என்பதை நாம் எப்படி அறிந்தோம்? வஹீ மூலமாக அறிந்தோம். நபித்துவம் முற்றுப் பெற்றுவிட்ட பின்னர், இந்தப் புயல் இன்னாருக்குத் தண்டனை என்று சுட்டிக்காட்டும் அதிகாரம் எவருக்கும் இல்லை. தம் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். கருமேகம் திரண்டு காற்று வீசும்போது அண்ணலாரின் திருமுகம் மாறிவிடும் என்றும், உள்ளே வருவதும் வெளியே போவதுமாகத் தவிப்பார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த அச்சம் தம்மையும் தம் மக்களையும் பற்றியது. பிறரைச் சுட்டும் விரல் அதில் இல்லை.

அப்படியானால், மனிதனின் பாவத்துக்கும் புயலுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆனால், நாம் எண்ணும் இடத்தில் இல்லை. மனிதக் கரங்களின் சம்பாத்தியத்தால் கரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்படுகிறது என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம், 41-ஆம் வசனத்தில் காண்கிறோம். இன்றைய விஞ்ஞானம் அந்தக் கரங்களின் வேலையைக் கணக்கெடுத்தே காட்டுகிறது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவற்றை எரித்ததால் காற்றில் கரியமில வாயு பெருகியது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கும் மேல் உயர்ந்துள்ளது.

ஒரு டிகிரிதானே என்று அலட்சியமாக எண்ணிவிடலாகாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால், ஏறக்குறைய 7 சதவிகிதம் அதிகமான நீராவியைத் தாங்கும். ஆகவே, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. புயலுக்கு உணவு கடலின் வெப்பம். கடல் சூடேறினால் புயல் வலுக்கிறது. கடல் மட்டமும் உயர்ந்துவிட்டதால், புயல் தள்ளிவரும் அலை முன்னைவிட உள்ளே புகுகிறது. புயல்களின் எண்ணிக்கை பெருகும் என்பதல்ல விஞ்ஞானிகளின் முக்கியமான எச்சரிக்கை. வரும் புயல்களில் கடுமையானவை கூடுதலாக இருக்கும் என்பதேயாகும்.

இனி, நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நினைத்துப் பாருங்கள். ஒரே கப்பலில் மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். தண்ணீருக்காகக் கீழ்த்தட்டினர் அடியில் துளையிட முனைகிறார்கள்; மற்றவர் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர். இன்றோ துளையிடுகிறவர்கள் மேல்தட்டினர். முதலில் நனைகிறவர்கள் கீழ்த்தட்டினர்! உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் வங்காளதேசத்தின் பங்கு ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டாது. குற்றம் ஓரிடத்தில், வேதனை வேறிடத்தில். இதைத் தண்டனை என்பதைவிட அநீதி என்பதே பொருந்தும்.

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். கத்ரை நம்புவது ஈமானின் அங்கம், அதில் ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியபோது, இது அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அவனுடைய ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் பதிலாக அமைந்தது.

இந்தப் பதிலின் ஆழத்தை வங்காளதேசம் செயலில் காட்டியது. 1970-இல் எச்சரிக்கை பலருக்கு எட்டவில்லை. எட்டியவர்களுக்கும் ஒதுங்க மேட்டிடம் இல்லை. அதன் பின்னர், அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து கிராமந்தோறும் தொண்டர்களைத் திரட்டின. கையில் ஒலிபெருக்கியும் எச்சரிக்கைக் கொடியுமாக வீடுவீடாகச் சென்று சொல்வது அவர்கள் பணி. கால்நடைகளுக்காக மண்மேடுகள் எழுப்பப்பட்டன. எனினும், 1991 ஏப்ரல் புயலில் ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம் பேர் மாண்டனர். அவர்களில் பெண்களே மிகுதி. புகலிடங்கள் போதவில்லை, இருந்தவற்றிலும் பெண்கள் மறைவாகத் தங்க வசதியில்லை. அதை உணர்ந்து, பெண்களுக்குத் தனி இடத்துடன் புதிய புகலிடங்கள் கட்டினார்கள். இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள்.

2020 மே மாதம் அம்பன் புயல் வந்தது. அதுவும் ரமளான், கடைசிப் பத்து! கொள்ளை நோயும் பரவியிருந்த நேரம். 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே புகலிடம் சேர்க்கப்பட்டனர். வங்காளதேசத்தில் இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. அதே கடல், அதே மாதம், அதே கலிமாவைச் சொன்ன மக்கள். 1970-இல் மாண்டவர்களுக்கு ஈமான் குறைவாகவா இருந்தது? இல்லை! அவர்களுக்காக ஒட்டகத்தைக் கட்டியிருக்க வேண்டியவர்கள் கட்டவில்லை.

ஆனால், உயிரைக் காத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. 2009-இல் வந்த அய்லா புயல் கரைகளை உடைத்தது. உப்புநீர் வயல்களில் தங்கிவிட்டது. நெல் விளைந்த பூமியைவிட்டு மக்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். இந்த இழப்பை யார் ஈடுசெய்வது? 2022-இல் எகிப்தின் ஷர்முஷ் ஷெய்கில் கூடிய நாடுகள், இத்தகைய இழப்புகளுக்கென ஒரு நிதி அமைக்க ஒப்புக்கொண்டன. அதில் சேர்வது தர்மமன்று, கடன். கடனாளிகளின் வரிசையில் மேலை நாடுகள் மட்டுமல்ல, எண்ணெய் வளம் கொழிக்கும் முஸ்லிம் நாடுகளும் நிற்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், கரியமில வாயுவை மிகுதியாக வெளியிடும் நாடுகளில் கத்தரும் குவைத்தும் அடங்கும். நம் இல்லங்களில் பல அந்த எண்ணெய்ப் பணத்தால் அடுப்பெரிந்தவை என்பதையும் மறக்கலாகாது.

பூமி நமக்குச் சொந்தமன்று, அமானத். அதில் வீண்விரயம் செய்பவன், தான் காணாத ஓர் ஏழையின் கூரையைப் பிரிக்கிறான். ஆகவே, அடுத்த முறை வெள்ளச் செய்தி வரும்போது, "அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்க வேண்டாம். "இதில் என் பங்கு என்ன? என் கடமை என்ன?" என்று நம்மையே கேட்போமாக.

வல்ல அல்லாஹ், மூழ்கி மறைந்தோருக்கு ஷஹீதின் பதவியையும், எஞ்சியோருக்குப் பொறுமையையும், நமக்கு நீதியுணர்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.