காவலும் வேஷமும்

ஆலங்குடி சாலையில் ஒரு டீக்கடை. புல்லட்டில் வந்து இறங்கியவனுக்குத் தாடி, கருப்புப் பனியன், விரலில் மண்டையோட்டு மோதிரம். டீ குடித்தான், இரண்டு வடை தின்றான், போனான். கடைக்காரர் காசு கேட்கவில்லை. அவன் போலீஸ் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். 'அப்படியா, ரவுடின்னுல்ல நெனச்சேன்' என்றார் கடைக்காரர். குரலில் ஆறுதல் இல்லை. எதுவாக இருந்தாலும் அவருக்கு நஷ்டம் அதே ஒரு டீ, இரண்டு வடை.

அமெரிக்காவில் இந்த மயக்கம் ஒரு ஸ்தாபனமாகவே ஆகிவிட்டது. 1947இல் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டரில் நடந்த ரகளைக்குப் பிறகு, சட்டத்துக்குப் புறத்தே நிற்பதைக் கௌரவமாகக் கொண்ட மோட்டார் சைக்கிள் கும்பல்கள் பேர் பெற்றன. முதுகில் மூன்று துண்டுச் சின்னம்: மேலே குழுவின் பெயர், நடுவே உரு, கீழே தமதென்று உரிமை கொண்டாடும் பிரதேசம். போலீஸ்காரர்களும் குழு சேர்த்தார்கள். 1974இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய 'புளூ நைட்ஸ்' சாதுவான சங்கம். பின்னால் வந்த 'அயர்ன் பிக்ஸ்', போலீஸைத் திட்டும் 'பன்றி' என்ற வசையையே பெயராக வைத்துக்கொண்டது. 2008இல் ஸ்டர்ஜிஸ் நகர மதுக்கூடம் ஒன்றில் நடந்த கைகலப்பில், அதன் உறுப்பினரான சியாட்டில் துப்பறிவாளர் ஒருவர் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆள் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். அந்த நிமிஷத்தில் அங்கே நின்றது சட்டமா, போட்டிக் கும்பலா?

துரத்துகிறவன் துரத்தப்படுகிறவனின் தோலை ஏன் விரும்புகிறான்? அந்தத் தோலுக்குக் கும்பல்காரன் ஏதோ விலை கொடுத்திருக்கிறான்: சிறை, வேலையிழப்பு, ஊரின் விலக்கம். போலீஸ்காரனுக்கு அது விலையில்லாமல் கிடைக்கிறது. பென்ஷனோடு கூடிய கலகம்.

காவலுக்குக் கள்ளனின் முகம் என்பது நமக்கு அந்நியமல்ல என்று மறுக்கலாம். குளமங்கலத்து அய்யனாரின் பிரம்மாண்டமான குதிரையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எல்லையில் நிற்கும் கருப்பருக்கு முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் அரிவாள். இருட்டில் எதிர்ப்பட்டால் கொள்ளைக்காரன் என்றே ஓடுவோம். இந்தச் சீமையை 1948 வரை ஆண்ட தொண்டைமான்களும் கள்ளர் குடியினர். கள்ளர் ஊர்க்காவலும் செய்த குடி. காவலும் அரசும் இங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் வெளியிட்ட நூலின் முக்கியமான விஷயங்களில் ஒன்று.

ஆனால் அந்த முகத்தோடு ஒரு கடன் சேர்ந்திருந்தது. மாடு களவு போனால் காவல்காரன் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். பயமுறுத்தும் உருவம் பொறுப்புக்கு அடமானமாக நின்றது. இதைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். திருட்டு மாட்டைக் காட்டிக் கொடுக்கத் துப்புக்கூலி வாங்கியதுண்டு. 1890களில் மதுரைப் பக்கத்துக் கிராமங்கள் காவல்கூலி தர மறுத்துக் கிளர்ந்தன. காவலே கொள்ளையாக மாறும் இடம் அது. ஆனால் கிராமம் மறுக்க முடிந்தது. கேட்பதற்கு ஒரு கணக்கு இருந்தது.

பிறகு சர்க்கார் வேறொரு கணக்கு எழுதியது. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கத்துக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கி, ரேகை பதிய வைத்தது. அந்த அடையாளத்தை அவர்களால் கழற்ற முடியவில்லை. அதே சர்க்காரின் வாரிசுச் சேவகன் இன்று குற்றவாளியின் அடையாளத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை கழற்றுகிறான். ஒருவனுக்குத் தண்டனையாக இருந்தது இன்னொருவனுக்கு அலங்காரம். என் சங்கடம் இந்த இடத்தில்தான். தாடியும் மோதிரமும் அவரவர் இஷ்டம். அவற்றோடு வரும் பயத்துக்கு யார் பதில் சொல்வது?

வேண்டுதல் பலிக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் கருப்பரையே முகத்துக்கு நேராகத் திட்டுவார்கள். அந்த டீக்கடைக்காரர் புல்லட் போன திக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, கிளாஸை எடுத்துக் கழுவினார்.