ஆடி வந்தார், குளித்து வந்தார்

பங்குனி உத்திரத்தன்று, சிங்கப்பூரின் ஈசூன் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு ஒருவர் காவடி கொண்டு வருகிறார். பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "விரதம் இருந்து, குளித்து, காவடியைத் தூக்கி, ஆடி வந்தார்."

நான்கு வினையெச்சங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. விரதம் நாள்கணக்கில் நடந்தது. அது முடிந்து குளியல். அதற்குப் பிறகு காவடி தோளேறியது. ஆடியது மட்டும் அந்த வரிசையில் நிற்காது. ஆடி முடித்துவிட்டு அவர் வரவில்லை, வந்ததே ஆட்டமாகத்தான். 'குளித்து வந்தார்' என்றால் இரண்டு செயல், 'ஆடி வந்தார்' என்றால் ஒன்று. எந்தத் தமிழ்க் குழந்தையும் இதில் தடுமாறுவதில்லை. ஆனால் பிரித்துக் காட்டும் குறி எதுவும் சொல்லில் இல்லை. உலகம் தெரிந்தவருக்குப் பொருள் விளங்கும், அவ்வளவுதான்.

வீடு திரும்பியவரின் புளோக்கில் இருக்கும் மலாய்க்காரர் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்: சேர்ந்து நடந்தால் 'சம்பில்', அடுத்து நடந்தால் 'லாலு'. சீனர் 'யீபியென்' என்பதை இருமுறை சொல்லி இரண்டு செயல்களையும் ஒரே நேரத்தில் நிறுத்துவார். தமிழிலும் 'பாடிக்கொண்டே வந்தார்' உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் அந்தக் 'கொண்டு' என்பதே 'கொள்' என்னும் வினையின் இறந்தகால எச்சம். ஒரே நேரத்தைச் சொல்லவும் தமிழ் முடிந்துபோன ஒன்றைத்தான் கடன் வாங்குகிறது.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதைச் சொல்கிறார். அவற்றில் 'செய்து' உள்ளிட்ட முதல் மூன்றுக்கும் ஒரு நிபந்தனை: எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்திருக்க வேண்டும். 'செய' என்னும் வாய்பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எச்சம் ஒருவருடையது, முற்று வேறொருவருடையது என்று இருக்கலாம். பின்னால் வந்த பவணந்தியின் நன்னூல் இந்தச் 'செய'வை நிகழ்காலத்தில் வைத்தது. 'பொழுது சாய வந்தார்' என்றால் சாய்ந்தது பொழுது, வந்தது அவர், நேரம் ஒன்று. ('சாப்பிட வந்தார்' என்பதிலும் இதே வடிவம்தான். அங்கே அது நோக்கத்தைச் சொல்கிறது, ஆளும் ஒருவரே.)

இலக்கணம் சாயும் பக்கம் தெரிகிறது. ஒருவர் மட்டும் செய்தால் பெரும்பாலும் வரிசை. ஒரே நேரம் வேண்டுமென்றால் இன்னொருவர் வேண்டும்.

வடமொழித் தருக்கமும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஒரே கணத்தில் இரண்டு அறிவு எழாமையே மனம் என்று ஒன்று இருப்பதற்கு அடையாளம் என்கிறது கௌதமரின் நியாய சூத்திரம். மனம் அணுவளவு, ஒரு நேரத்தில் ஒரு புலனோடுதான் சேரும். பல சேர்ந்து தெரிவதாகத் தோன்றினால் அது சுற்றும் கொள்ளிக்கட்டை தீவட்டமாகத் தெரிவதைப் போன்ற வேகத்தின் மயக்கம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே எம்ஆர்டி படியில் இறங்குபவர் இதை எப்போதாவது முட்டியால் உணர்வார்.

இந்தக் கணக்கில் காவடிக்காரரைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. அலகு குத்திய உடம்பு, கால் சுடும் தார், மேளம், சுற்றிலும் 'வேல் வேல்' முழக்கம். கேட்டால், வலியே தெரியவில்லை என்று சொல்பவர்கள் பலர். மனம் தோலோடு சேரவில்லை, வேறெங்கோ சேர்ந்திருக்கிறது என்று நியாய நெறியினரான நையாயிகர் விளக்குவார். விளக்கம் முழுதும் சரியா என்பது வேறு. ஆனால் பக்தி என்பது பலவற்றை ஒருசேரச் செய்யும் சாமர்த்தியம் அல்ல, ஒன்றைத் தவிர மற்றதைத் தவறவிடுவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அப்படியானால் ஒரே நேரம் எங்கே கிடைக்கும்? கூட்டத்தில். கல்யாண வீட்டில் பிள்ளையார் பூசையிலிருந்து எல்லாம் ஒன்று முடிந்து ஒன்று. பிறகு ஒரு சைகை. கெட்டிமேளம் முழங்க, மந்திரம் ஒலிக்க, அட்சதை விழ, தாலி ஏறுகிறது. வாக்கியத்தில் 'செய'க்கள் அடுக்கி வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. குடமுழுக்கிலும் அப்படித்தான். யாகசாலையில் முதற்காலம், இரண்டாம் காலம் என்று நாள்கணக்கில் எண்ணிச் செய்தபின், எல்லா விமானக் கலசங்களிலும் 'சமகாலத்தில்' நீர் விழ வேண்டும். அழைப்பிதழ்களில் அச்சாகும் சொல் அது. 2023 பிப்ரவரி 12 அன்று சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் குடமுழுக்குக்குச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். ஒரு அர்ச்சகர் ஒரு கலசத்தில்தான் ஊற்ற முடியும்; சமகாலம் என்பது பல கைகளின் வேலை.

தனியொருவராக அதைச் செய்பவர் என்று சைவம் காட்டுவது நடராசரை. உடுக்கை படைக்கிறது, அமைந்த கை காக்கிறது, தீ அழிக்கிறது, ஊன்றிய பாதம் மறைக்கிறது, தூக்கிய பாதம் அருள்கிறது. உண்மை விளக்கம் விரித்துச் சொல்லும் இந்த ஐந்தும் வெண்கலத்தில் ஒரே கணம். மொழியில் சொல்லப் போனால் சிக்கல். 'படைத்து, காத்து, அழித்து' என்றால் வரிசையாகிவிடும். 'படைக்க, காக்க' என்றால் நோக்கமாகிவிடும். 'ஐந்தொழில்' என்று ஒரே பெயருக்குள் சேர்த்துக் கட்டினால்தான் நிற்கிறது. சிலையின் முன் நிற்பவரின் கண்ணும் உடுக்கையில் தொடங்கித் தீக்குப் போய், பாதத்துக்கு இறங்கி, ஒவ்வொன்றாகத்தான் பார்க்கிறது.

ஈசூனில் காவடி இறங்கிவிட்டது. அவர் அலகைக் கழற்றி, திருநீறு பூசி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, செருப்பைத் தேடி எடுத்து, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிறார்.