பந்தியில் குனிந்த வண்டு

சாப்பிட்டுக் கை கழுவப் போகிற வழியில்தான் அது நடந்தது. கல்யாண மண்டபம், நல்ல கூட்டம். நாற்பதை நெருங்கும் ஒருவர் வழிமறித்து, "சார், என்னை அடையாளம் தெரியுதா?" என்றார். 2003-இல் பத்தாம் வகுப்பு. "அந்த நமீபியா வண்டு சார்! என் மகனுக்குக்கூடச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றவர், பட்டுவேட்டியோடு அங்கேயே குனிந்தார். தலை கீழே, பின்புறம் மேலே. "முதுகெல்லாம் மேடு மேடா இருக்கும். மூடுபனி அதுல ஒட்டி, உருண்டு, வாய்க்கு வரும். கரெக்டா சார்?"

"ஆமாப்பா" என்றார் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்.

அந்த "ஆமாப்பா" மூன்று வாரமாக அவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால், அது முழு உண்மை இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரியும்.

நமீப் பாலைவனத்தின் மணற்குன்றுகள் அட்லாண்டிக் கடலோரம் நெடுக நீள்கின்றன. பக்கத்தில் கடல் இருந்தும் மழை இல்லை. பெங்குவேலா நீரோட்டம் கடலைக் குளிர வைக்கிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகி நிலத்துக்குள் நகர்கிறது. அங்கே வாழும் ஓனிமாக்ரிஸ் அங்குயிகுலாரிஸ் என்ற கருவண்டுக்குப் பறக்க வராது. மேலிறகுகள் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே மூடியாகிவிட்டன. அடியில் பறக்கும் இறகே கிடையாது. அந்த மூடிக்குள் இருக்கும் காற்றறை உடலின் ஈரம் வீணாகாமல் காக்கிறது. பகலில் நடமாடும் பூச்சி இது. ஆனால் மூடுபனி வரும் இரவுகளில் மட்டும், வழக்கத்துக்கு மாறாக, மணலுக்குள்ளிருந்து வெளியே வந்து குன்றின் முகட்டுக்கு ஏறுகிறது. காற்றைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி நிற்கிறது. உடலில் சேரும் துளிகள் வழிந்து வாய்க்கு வருகின்றன. வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் 1976-இல் இதை எழுதினார்கள். ஒரே மூடுபனியில் வண்டின் எடை சராசரியாக 12 சதவீதம் கூடியிருந்தது.

(நம் வீட்டு ரவையில் ஊரும் மாவு வண்டும் இதே குடும்பம்தான். பாடத்தை ஆசிரியர் எப்போதும் அதிலிருந்துதான் தொடங்குவார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நமீபியா அப்போதுதான் கிட்டத்தில் வரும்.)

சிக்கல் 2001-இல் வந்தது. ஆண்ட்ரூ பார்க்கரும் கிறிஸ் லாரன்சும் ஸ்டெனோகாரா என்ற இன்னொரு வண்டைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதன் முதுகில் மேடுகள். மேட்டின் உச்சியில் தண்ணீர் ஒட்டும், பள்ளத்தில் இருக்கும் மெழுகில் ஒட்டாது. அழகான விளக்கம், உலகமெல்லாம் பரவியது. நாளிதழ் இணைப்பில் வந்ததை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்து ஆசிரியரும் வருஷா வருஷம் நடத்தினார். 2010-இல் தாமஸ் நோர்கார்ட், மரீ டாக்கே ஆகியோர் நான்கு வகை வண்டுகளைச் செயற்கை மூடுபனியில் விட்டுப் பார்த்தார்கள். ஓனிமாக்ரிஸ் அங்குயிகுலாரிஸ் மட்டும் தலைகீழாக நின்றது. அதன் முதுகு வழவழப்பானது. மேடுள்ள ஸ்டெனோகாரா அப்படி நிற்கவே இல்லை. இதை ஆசிரியர் படித்தது, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான்.

அதாவது, மேடு ஒரு வண்டிடம், குனிவு இன்னொரு வண்டிடம். அவருடைய பாடத்தில் இரண்டும் ஒரே வண்டாகிவிட்டன.

அவர் மனம் திரும்பத் திரும்பப் போவது மாணவரின் அந்தக் குனிவுக்குத்தான். வாயால் சொன்னதில் தவறு இருந்தது. உடம்பால் செய்து காட்டியதில் தவறே இல்லை. தலை இருந்த தாழ்வு, கால்கள் விறைத்த விதம், எல்லாம் கச்சிதம். இருபது வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் மேசைமேல் கையூன்றி அவரே அப்படிக் குனிந்து காட்டியிருக்க வேண்டும். அவருக்கு ஞாபகம் இல்லை.

ஞாபகம் வருவது வேறு. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில், மார்கழிப் பனியில், ஆச்சி கொண்டைக்கடலைச் செடிகள்மேல் வெள்ளைத் துணி விரித்துவிட்டு வருவாள். விடியுமுன் போய்ப் பிழிந்தால் செம்பில் புளிப்பாக நீர் இறங்கும். கடலைப்புளிப்பு, வயிற்றுக் கோளாறுக்கு மருந்து. "பனி புளிக்குமா ஆச்சி?" என்று கேட்டதற்கு, "துணி நல்ல துணி, அதான்" என்றாள். புளிப்பு செடியிலிருந்து வருவது என்று கல்லூரியில்தான் தெரிந்தது. ஊருக்குப் போனபோது சொன்னார். ஆச்சி தலையாட்டிவிட்டு, மறுநாளும் அதே நல்ல துணியைத்தான் தேடி எடுத்தாள். அவள் எடுத்த மருந்தில் ஒரு குறையும் இல்லை.

இதைச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார். 2006-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், தண்ணீர் ஒட்டும் புள்ளிகளும் ஒட்டாத பரப்புமாக ஒன்றைச் செய்தபோது, அதற்கும் தூண்டுதல் அந்த மேட்டு முதுகுதான். பரப்பு வேலை செய்தது. வண்டு குனிந்ததா இல்லையா என்று அந்தப் பரப்புக்கு என்ன கவலை? ஆனால் ஆச்சி ஆசிரியை இல்லை. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னவர். அந்த வித்தியாசத்தில் சமாதானம் கலைந்துவிடுகிறது.

"கல்யாண வீட்டுல பூச்சியப் பத்தி என்ன பேச்சு?" என்றதோடு மனைவி முடித்துக்கொண்டார்.

அழைப்பிதழின் பின்பக்கம் மாணவரின் எண் இருக்கிறது. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டார். 'நான் சொன்னதில் பாதி தப்பு' என்று ஆரம்பித்தால், எந்தப் பாதி என்று கேட்பார், சொல்லலாம். அது சிரமமில்லை. அவர் தயங்குவது பார்த்தேயிராத அந்தப் பையனை நினைத்துத்தான். அப்பாவிடமிருந்து அவனிடம் போய்ச் சேர்ந்தது மேடா, குனிவா? இந்நேரம் அவன் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது குனிந்து காட்டிக்கொண்டிருக்கவும்கூடும்.