அறியாத கையின் இரக்கம்

காயப்பட்ட பூனைக்கு வீட்டில் எப்படி மருந்து கட்டுவது என்பது ஓர் ஒழுக்கவியல் கேள்வி என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். அதில் என்ன தத்துவம் இருக்கிறது, மிருக வைத்தியரைக் கேட்டால் முடிந்தது என்பார்கள். ஆனால் அந்தச் சின்னக் கேள்விக்குள் பெரிய கேள்வியொன்று ஒளிந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் தீங்காய் முடிந்தால் செய்தவரின் பொறுப்பு என்ன? நிய்யத்து அவரை எவ்வளவு தூரத்துக்குக் காப்பாற்றும்?

எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியால்தான் இந்தக் கேள்வி என் வாசலுக்கு வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்குப் பேச்சுத் துணை ஒரு கடுவன் பூனைதான். ஒருநாள் இரவு அது எங்கோ சண்டை பிடித்துவிட்டுப் பின்னங்கால் தொடையில் கீறலோடு வந்திருக்கிறது. பெரிய காயமல்ல. மனுசி துணியால் துடைத்துவிட்டிருக்கிறார். அது முனகிக்கொண்டு கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், தனது மூட்டுவலிக்கு வைத்திருந்த பரசிட்டமோல் குளிசையில் பாதியை நீரில் கரைத்து, வாயைத் திறந்து ஊட்டிவிட்டிருக்கிறார். விடியும்போது பூனையின் முகம் வீங்கியிருந்தது. முரசு கபில நிறமாகி, மூச்சுக்குத் திணறி, லுஹருக்கு முன்னரே செத்துப்போய்விட்டது. அன்று பின்னேரம் வேலியடியில் நின்று என்னைக் கேட்டார்: “தம்பி, நான் குடுத்த குளிசையிலயா மனே அது செத்துப் பெய்த்து? எனக்கிது பாவமாகுமா?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு விஞ்ஞானத்தில் பதில் உண்டு. மனிதனின் ஈரல் பரசிட்டமோலை ஒரு நொதியத்தின் உதவியால் தீங்கற்றதாக்கி வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலில் அந்த நொதியத்தின் வேலை மிகக் குறைவு. வெளியேறாத மருந்து நஞ்சாக மாறிக் குருதியிலுள்ள ஈமோகுளோபினைப் பழுதாக்குகிறது. அதன் பிறகு குருதி ஓடிக்கொண்டிருக்கும், ஒட்சிசனைச் சுமக்காது. முரசு கபில நிறமானது அதனால்தான். நாலு கிலோப் பூனைக்கு 250 மில்லிகிராம் என்பது உயிரை எடுக்கப் போதுமான அளவு. பூனைக்குப் பரசிட்டமோலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது. காயம் பூனையைக் கொல்லவில்லை, குளிசைதான் கொன்றது.

இதை அவரிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். காயத்தில் நஞ்சு ஏறியிருக்கும் என்று சொல்லிவிட்டால் அவர் மனம் ஆறும். ஆனால் அடுத்த பூனைக்கும் அவர் அதே குளிசையைத்தான் எடுப்பார். உண்மையைச் சொன்னேன். சில நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு, ஒழுங்கையில் பூனை வளர்க்கும் வீடுகளிலெல்லாம் குளிசைக் கதையை அவரே போய்ச் சொல்லிவருவதாக அறிந்தேன்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு லேசானதல்ல. செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற பொருள்படும் ஹதீஸ் நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை வைத்துப் பார்த்தால் அந்த மூதாட்டிக்குப் பாவமில்லை; இரக்கத்துக்கான கூலியும் கிடைக்கலாம். அவருக்கு நான் அப்படித்தான் சொன்னேன். ஆயினும் அதிகம் பேசப்படாத இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் வருவது. வைத்தியம் அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்க்கப் புகுந்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. அங்கே எண்ணம் பற்றிய கேள்வியே எழவில்லை. அறிவு பற்றித்தான் கேட்கப்படுகிறது.

1350இல் மறைந்த இப்னுல் கையிம் தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதை விரித்து எழுதியிருக்கிறார். வைத்தியர்களை வகைவகையாகப் பிரித்து, யார் பொறுப்பாளி, யார் அல்லர் என்று ஆராய்கிறார். அதில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. வைத்தியம் தெரியாதவர் என்று அறிந்துகொண்டே ஒரு நோயாளி தன்னைப் பார்க்க அவருக்கு அனுமதி கொடுத்திருந்தால், தீங்கு நேர்ந்தாலும் அவர் மீது பொறுப்பில்லை என்கிறார். நோயாளியின் சம்மதம் தெரியாதவரின் சுமையை இறக்கிவைக்கிறது. மனிதர்களுக்கு இது நியாயம். பூனை யாருக்குச் சம்மதம் கொடுத்தது? அதன் வாயைத் திறந்து நாம்தான் ஊட்டுகிறோம். அவர் எழுதியது மனித நோயாளியைப் பற்றித்தான். ஆனால் அந்த நியாயத்தை அப்படியே நீட்டிப் பார்த்தால், சம்மதம் தர முடியாத உயிருக்கு முன்னால் தெரியாதவரின் சுமை இறங்குவதற்கு வழியே இல்லை. சட்டத்தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் வேலை. நான் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆங்கிலத் தத்துவாசிரியர் ஜெரமி பெந்தம் 1789இல் வெளியான நூலொன்றின் அடிக்குறிப்பில், மிருகங்களுக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு அவற்றால் துன்பப்பட முடியுமா என்று கேளுங்கள் என்ற கருத்தை எழுதினார். மிருக நேயம் பேசுபவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பஸராவின் இஃக்வானுஸ் ஸஃபா குழுவினர், மிருகங்கள் மனிதனுக்கு எதிராக ஜின்களின் அரசனிடம் வழக்கு வைப்பதாக ஒரு நீண்ட கதை எழுதிவிட்டார்கள் என்பதை நமது பக்கத்துப் பெருமைக்காகச் சொல்லிவைக்கலாம். அந்தக் கதையில் மிருகங்கள் வாய்திறந்து பேசுகின்றன. எங்கள் ஊரில் பேசுவதில்லை. பெந்தமின் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லிவிட்டாலும் நாம் பாதி வழியில்தான் நிற்கிறோம். துன்பப்படுகிறது என்று தெரிவது வேறு; துன்பம் எதனால் தீரும் என்று தெரிவது வேறு. அந்த மூதாட்டிக்கு முதலாவது நன்றாகவே தெரிந்திருந்தது.

துன்பத்தை அடையாளம் காண்பதுகூட நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. மடியில் கிடந்து குறுகுறு என்று சத்தமிடும் பூனை சந்தோஷமாக இருக்கிறது என்று நம்புகிறோம். நோவிலும் பயத்திலும் பூனை அதே சத்தத்தை எழுப்பும். காயம்பட்ட பூனை பெரும்பாலும் கத்துவதில்லை. கட்டிலுக்கடியில், அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், சாப்பாட்டை விடும், தன் மயிரை நக்கித் துப்பரவாக்குவதை நிறுத்திவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளை வயிற்றுவலியைத் தலைவலி என்று சொல்லும், சொல்லைக் கேட்காதே, பிள்ளையைப் பார் என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பூனை விடயத்தில் சொல்லே கிடையாது. பார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

நமது இரக்கத்தின் குறை எங்கே இருக்கிறதென்றால், அது நமது உடம்பை அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. எனக்கு வலித்தால் குளிசை, ஆகவே அதற்கும் குளிசை. எனக்கு வெட்டுப்பட்டால் தண்ணீரில் விட்டதும் பால்போலக் கலங்கும் கிருமிநாசினி, ஆகவே அதற்கும் அது. அந்தத் திரவத்திலுள்ள பீனோல் வகைப் பொருளையும் பூனையின் ஈரல் கழிக்கமாட்டாது. பூசியதைப் பூனை நக்கிவிடும்; நாக்கும் வாயும் வெந்துபோகும், வயிற்றுக்குள்ளும் போகும். பூனையின் தோலில் வைப்பதெல்லாம் பூனையின் வாய்க்குள் வைப்பதுதான் என்ற ஒரு விடயத்தை நினைவில் வைத்திருந்தாலே பாதி ஆபத்துத் தீரும். ஸ்பிரிட்டும் ஐதரசன் பேரொட்சைட்டும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் கெடுக்கின்றன. மஞ்சளை எண்ணெயில் குழைத்து அப்புவது பெரிய நஞ்சல்லவென்றாலும் காயத்தை மூடி மறைத்துவிடும். உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. புழு வைத்த காயத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களையும், உடுப்புப் பெட்டியில் போடும் பூச்சி உருண்டையைத் தூளாக்கித் திணிக்கிறவர்களையும் நான் அறிவேன். இரண்டும் பூனைக்கு நஞ்சு. அவர்களில் ஒருவரும் கொடியவரல்லர். சும்மா இருக்க முடியாதவர்கள், அவ்வளவுதான்.

மருந்து யாருக்காகப் போடப்படுகிறது என்ற சந்தேகம் எனக்கு இங்கேதான் வருகிறது. ஏதோ செய்துவிட்டோம் என்ற ஆறுதல் நமக்கு வேண்டியிருக்கிறது. காரமும் நிறமும் வாசமும் உள்ள ஒன்றைப் பூசினால்தான் அந்த ஆறுதல் வருகிறது. உப்புத் தண்ணீரில் நிறமுமில்லை, வாசமுமில்லை. ஆனால் சின்னக் காயத்துக்கு அதுதான் சரியான மருந்து. லீற்றருக்கு 9 கிராம் உப்பு என்பது சேலைனின் கணக்கு. வீட்டில் அரை லீற்றர் கொதித்தாறிய நீருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் சரி. பூனையைத் துவாயால் சுற்றி, காயமுள்ள பகுதியை மட்டும் வெளியே விட்டு, ஒருவர் பிடிக்க மற்றவர் பார்ப்பது நல்லது. இரத்தம் வந்தால் முதலில் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். இடையில் தூக்கித் தூக்கிப் பார்க்கக்கூடாது. பிறகு அந்த உப்பு நீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, மெல்ல ஒற்றி எடுக்கலாம். சுற்றியுள்ள மயிரை வெட்டும்போது தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் இடையில் ஒரு சீப்பை வைத்துக்கொண்டால் தோல் தப்பும். இலையான் மொய்க்காமல் வீட்டுக்குள் வைத்திருக்கவேண்டும். எங்கள் வெக்கையில் இலையான் முட்டை ஒருநாளுக்குள் புழுவாகிவிடும். நக்கி நக்கிப் புண்ணாக்கினால் பழைய எக்ஸ்ரே படத்தை வளைத்து, ஓரத்துக்குத் துணி தைத்து, கழுத்தில் கூம்பாகக் கட்டிவிடலாம். ஒருநாளில் இரண்டு தடவை கழுவுதல், இரண்டு தடவை பார்த்தல். வீட்டு வைத்தியம் இத்துடன் முடிந்துவிடுகிறது.

மற்றதெல்லாம் எங்கே நிறுத்துவது என்ற அறிவு. பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் காயங்களில் மிக மோசமானது இன்னொரு பூனையின் கடிதான். ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. இரத்தம்கூடச் சரியாக வந்திருக்காது. பெரும்பாலான பூனைகளின் வாயில் இருக்கும் பற்றீரியா அந்தத் துளைவழியே ஆழத்துக்குப் போய்விடும். மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் சூடாக வீங்கிச் சீழ்க்கட்டியாகும். வெளிக்காயம் ஆறிவிட்டது என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வீட்டில்தான் பூனை காய்ச்சலில் கிடக்கும். அதற்குக் கீறி வடிக்கவும் சரியான நுண்ணுயிர்கொல்லி கொடுக்கவும் வைத்தியர் வேண்டும். வாய் பிளந்த காயம், கண்ணிலோ மார்பிலோ வயிற்றிலோ பட்ட காயம், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், ஒருநாள் முழுதும் சாப்பிடாமை, புழு, கெட்ட வாடை என்பனவும் அப்படியே. கடித்தது இன்னதென்று தெரியாத நாயோ காட்டு மிருகமோ என்றால் விசர்நோய் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும். நோவில் பூனை நம்மைக் கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பூனை மீதான அன்பை நிரூபிக்கும் இடம் அதுவல்ல.

வைத்தியரிடம் போவது என்று எழுதுவது இலகு. கிராமத்து மிருக வைத்திய அலுவலகங்களுக்கு ஆடு, மாடு, கோழி வேலையே போதும். மிருக வைத்திய பீடமும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கும் பேராதனை, கிழக்கிலிருந்து பஸ்ஸில் அரைநாள் வழி. கூலி வேலை செய்யும் ஒருவரிடம் பூனைக்காக அவ்வளவு செலவழி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போக முடியாதவருக்கும் செய்யாமல் விடும் கடமை இருக்கிறது. அந்தக் கடமைக்குக் காசு தேவையில்லை. தெரியாத குளிசையைக் கொடாமல் இருப்பதற்குப் பஸ் கட்டணமா வேண்டும்? தொலைபேசியில் வைத்தியர் ஒருவரைக் கேட்கலாம். கேட்பதற்கு யாருமில்லையென்றால் உப்பு நீரோடு நின்றுவிடலாம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் கொடூரத்துக்கு உதாரணமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவள் அடித்தாள், வெட்டினாள் என்று அதில் இல்லை. உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை என்பதுதான் குற்றம். அந்த உயிர் முழுவதுமாக அவள் கைக்குள் இருந்தது. கைக்குள் வந்த உயிருக்குத்தான் கணக்கு என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன். அப்படியானால் யாருடைய கைக்குள்ளும் இல்லாத பூனைகள்? மீன்சந்தையில், பள்ளிவாசல் ஹவுழடியில், எங்கள் பாடசாலையின் பின்வாசலில் காதுகிழிந்து திரிபவை? பூனையைப் பற்றிய வேறொரு அறிவிப்பில், அபூகதாதா (ரழி) தமது வுழூத் தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுக்கிறார். பூனை உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிகளாரின் கருத்தை எடுத்துச் சொல்கிறார். சுற்றி வருவது என்றால் முழுக்க நம்முடையதுமல்ல, முழுக்க அந்நியமுமல்ல. அப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துச் சுற்றிக் கழுவ வெளிக்கிட்டால் அது மிரண்டு ஓடும், காயம் இன்னும் கிழியும், நமது கையும் கிழியும். பாடசாலைப் பின்வாசலில் முன்னங்கால் நொண்டும் சாம்பல்நிறப் பெட்டையொன்றுக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இப்போது சிரட்டையில் தண்ணீரும் மீன்தலையும் வைத்துவிட்டுத் தள்ளிநின்று பார்க்கிறார்கள். கால் ஊன்றுகிறதா, வீக்கம் ஏறுகிறதா, சாப்பிடுகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதியும் வைக்கிறார்கள். நேற்றைய குறிப்பில் “வீக்கம் கொஞ்சம் குறைவு, மீன்தலை முழுவதும் தின்றது” என்றிருந்தது.