சிலுவையடியில் சாதிச் சுவர்!

பூமி சுற்றுகிறது என்று சொன்ன குற்றத்துக்காக 1633-ல் ரோமாபுரியில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார் கலிலியோ. அன்று தீர்ப்பளித்தோர் பிழை செய்தனர் என்று 1992-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். 359 ஆண்டுகள்! தாமதந்தான், ஆயினும் விஞ்ஞானத்தின் முன் இறையியல் தலை வணங்கிற்று.

வானத்தைப் பற்றிய பிழையைத் திருத்திக்கொண்ட இறையியல், வாசற்படியில் கிடக்கும் பிழையை என்ன செய்தது? இதுவே நம் கேள்வி.

பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டையில் வாழ்கிறோம் நாம். ஊர்ப் பெயரை உச்சரிக்குந்தோறும் நாசரேத்துத் தச்சரின் நினைவு எழுகிறது. விலக்கப்பட்டோருடன் பந்தியில் அமர்ந்தவர் என்று விவிலியம் அவரைப் போற்றுகிறது. அவர் பெயரால் தமிழகத்தில் நடந்ததென்ன?

திருச்சபையில் சாதி கூடாதென்று 1833-ல் ஆணையிட்டார் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன். தஞ்சையில் எதிர்ப்புக் கிளம்பிற்று. நெல்லைச் சீமை வடக்கன்குளத்திலோ, 1872-ல் எழுந்த கத்தோலிக்கக் கோவிலுக்கு இரண்டு கூடங்கள். பீடத்தருகே மட்டும் அவை கூடும். வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று! கணக்குப் பாடத்தில் கோணம் வரைவது போல ஆண்டவன் வீட்டுக்குக் கோணம் வரைந்தது சாதி. 1910-ல் பாதிரியார் கௌசானல் பிரிவுச் சுவரை இடித்தார். வழக்குத் தொடுத்துச் சாதி உரிமை கோரியோர் தோற்றனர். சுவர் வீழ்ந்தது, சாதி வீழ்ந்ததா?

அரசியலுக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களோடு நிறுத்திற்று. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவருக்குக் கதவு திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த கிறித்தவத் தொழிலாளி சூசை உச்சநீதிமன்றம் ஏறினார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறதென்பதற்குச் சான்று போதாது என்று 1985-ல் அவர் மனு தள்ளப்பட்டது.

வாதத்தின் விந்தையைப் பாருங்கள், தோழர்களே! "கிறிஸ்துவில் சாதியில்லை" என்கிறது சபை. "சாதியில்லாத மார்க்கத்தில் தாழ்த்தப்பட்டவன் ஏது?" என்கிறது சட்டம். இடையில் நிற்கிறான் ஒருவன். ஊருக்கு அவன் சேரியான். கல்லறைத் தோட்டத்திலும் அவனுக்குத் தனி மூலை. சர்க்கார் பட்டியலில் மட்டும் தாழ்த்தப்பட்டவன் அல்லன்! உரிமை பெற வேண்டுமானால், தன் சபைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டும். உயர்ந்த கொள்கையே ஏழையின் வாயை அடைக்கும் பூட்டாகிவிட்டது.

ஏன்? "இருக்கக்கூடாது" என்பதை "இல்லை" என்று சொன்னதால்! அறம் கட்டளையிடுவதை நடந்து முடிந்த செய்தியாக அறிவிப்பது நோயாளியின் கையில் மருந்துக்குப் பதில் நலச் சான்றிதழைத் திணிப்பது போன்றது.

இதை உணர்ந்தோர் அங்கும் உண்டு. 1980-களில் அரவிந்த் நிர்மல், ஒடுக்கப்பட்டவனின் வலியிலிருந்தே இறையியல் தொடங்க வேண்டும் என்றார். சென்னைக் குருகுல் இறையியல் கல்லூரியில் அதைப் பாடமாக்கினார். அவர் கடவுளை நாம் ஏற்கத் தேவையில்லை. அவர் நேர்மையை ஏற்கத் தயங்கவும் தேவையில்லை.

அற்புதங்களைக் கண்டு நகைப்பது எளிது. பகுத்தறிவின் வேலை அதனினும் பெரிது. கோவிலாயினும் கழகமாயினும், "எங்களிடம் சாதியில்லை" என்ற சொல் கேட்டவுடன், "கல்லறையைக் காட்டுங்கள், கல்யாணப் பத்திரிகையைக் காட்டுங்கள்" என்று கேட்போம். தொலைநோக்கி வேண்டாம், கண் போதும். இதற்கும் 359 ஆண்டுகள் காத்திருக்க நம்மால் இயலாது.