கமராவும் மனச்சான்றும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ4 வீதி, கல்முனைக் கரையோர ஊர்களுக்கு நெடுஞ்சாலை மட்டுமன்று, கடைத்தெருவும் அதுவே. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. குடிமனை செறிந்த இத்தகைய இடங்களில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றருமே சட்டம் விதித்த எல்லை.

வேகமானியுடன் பொலிஸார் நிற்குமிடத்தைக் கடந்த சாரதி, எதிரே வருபவருக்கு முன்விளக்கை மின்னிக் காட்டுவது இந்நாட்டு வழக்கம். முகமறியாதவருக்குச் செய்யும் இவ்வுதவி அறமாகுமா?

அணிந்தவரை மறைக்கும் மோதிரமொன்றைப் பெற்ற கைஜீஸின் கதையைப் பிளேற்றோ கூறுகின்றார். காண்பார் இல்லாதவிடத்தும் நீதியாய் நடப்பவனே நீதிமான் எனின், கமராவுக்கு அஞ்சி வேகத்தைக் குறைப்பவன் நீதிமான் ஆகான். இஹ்ஸானைப் போதிக்கும் மார்க்க அறிஞரும் இதனை ஏற்பர். ஆயின், வீதியைக் கடக்கும் சிறுமிக்குச் சாரதியின் உள்ளத்தூய்மையால் ஆவதென்ன? 50இல் செல்லும் வாகனம் 70ஐ எட்டும்போது அதன் மோதுசக்தி ஏறத்தாழ இரு மடங்காகின்றது. அவளுக்கு வேண்டுவது வேகத்தின் குறைவே.

அக்குறைவைக் கமரா தருகின்றது. (இக்கருவியை ஆக்கிய ஒல்லாந்தர் கட்சோனிடெஸ் ஒரு காரோட்டப்பந்தய வீரர், தம் வேகத்தைக் கூட்டவே முதலில் அதனைப் பயன்படுத்தினார் என்பது சுவையான முரண்.) 35 ஆய்வுகளை ஒப்புநோக்கிய 2010ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு, கமராக்களின் அயலில் மரணமும் கடுங்காயமும் விளைக்கும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்தமையைக் காட்டிற்று. விபத்து மிக்க ஆண்டுக்குப் பின்னரே கமரா பொருத்தப்படுவது பெரும்பான்மை. ஆதலின் இக்குறைவில் ஒரு பகுதி தானாகவே நிகழ்ந்திருக்கவுங் கூடும். எஞ்சிய பகுதியும் உயிர்களே.

கமராவைக் கண்டு தடையை அழுத்துபவர், அதனைக் கடந்ததும் மீண்டும் விரைவர். இரு கமராக்களுக்கிடைப்பட்ட தூரத்தின் சராசரி வேகத்தைக் கணிக்கும் முறை அதற்கெனவே தோன்றிற்று. மின்னும் முன்விளக்கும் எதிரே வருபவரைச் சற்றுத் தூரம் மெதுவாக்கவே செய்கின்றது. எனினும் அவ்வன்பு தண்டப்பணத்திலிருந்து சாரதியைக் காக்க எழுந்தது. கடவையில் நிற்பவர் அதன் நினைவில் இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலிலிருந்து மக்கள் வீதிக்கு வரும்போது, அதனை அறிவித்து எதிரே வருபவருக்கு விளக்கை மின்னுவார் அரியர்.