நீரில் தொங்கும் கை

இரவு. அறையில் விளக்கு இல்லை. திரையின் வெளிச்சம் சுவரில் அசைகிறது.

படத்துக்கு யாரோ பிற்பாடு சேர்த்த பியானோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்துகிறேன். இப்போது மின்விசிறி மட்டும்.

*

ஒரு ஆறு. உறைந்து, உடைந்து, பாளம் பாளமாகப் போகிறது. ஒரு பாளத்தின் மேல் ஒரு பெண் கிடக்கிறாள். கூந்தல் நீரில். ஒரு கை நீரில்.

கை அசைவதில்லை. ஆறு அசைகிறது.

*

‘வே டவுன் ஈஸ்ட்’. 1920. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், ஒயிட் ரிவர் ஜங்ஷன். இயக்கம் டி. டபிள்யூ. கிரிஃபித். பெண், லில்லியன் கிஷ்.

எழுதிப் பார்த்தால் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. அந்தக் கை அப்படி இல்லை.

*

கையையும் கூந்தலையும் நீரில் விடலாம் என்பது அவளுடைய யோசனை. யாரும் கேட்கவில்லை.

பாளம் மிதக்கிறது. எடுக்கிறார்கள். மறுபடி எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை, மூன்று வாரம் என்று பின்னாளில் நினைவு கூர்கிறாள். கூந்தல் விறைக்கிறது. கேமரா உறைந்துவிடாமல் இருக்க அதன் அடியில் சின்னதாகத் தீ மூட்டி வைத்திருக்கிறார்கள்.

கேமராவுக்குத் தீ.

*

குளிர்ந்த நீரில் கை. முதலில் குத்துகிறது. பிறகு எரிகிறது. பிறகு கை இருப்பதே தெரிவதில்லை.

எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுகிறேன். கையை விடுகிறேன். நாற்பது வரை எண்ண முடிகிறது. விரல்கள் சிவக்கின்றன. துண்டில் துடைத்துக்கொள்கிறேன்.

அசட்டுத்தனம். அவளுக்கு அந்த விரல்கள் ஆயுள் முழுக்கச் சரியாகவில்லை.

*

பிறந்தது ஓஹையோ மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். 1893 அக்டோபர் 14.

நெடுங்காலம் 1896 என்றே அச்சாகிறது. மூன்று வருடம் எங்கோ கழன்று விழுந்து கிடக்கிறது.

*

அப்பா வீட்டை விட்டுப் போய்விடுகிறார். அம்மா நாடகத்தில் சேர்கிறார். பிறகு லில்லியன். பிறகு தங்கை டொரோதி, அவள் இன்னும் சின்னவள். ஒரே கம்பெனியில் இடம் கிடைக்காதபோது ஆளுக்கொரு ஊர். ரயில், மேடை, ரயில்.

ரயில் பெட்டியில் உட்கார்ந்தபடி தூங்கும் ஒரு குழந்தை. அதற்கு மேல் நினைக்கவில்லை.

*

1912. நியூயார்க், கிழக்கு 14-ஆம் தெரு, 11-ஆம் எண். பயோகிராஃப் படக் கம்பெனி. நாடகக் காலத்துத் தோழி ஒருத்தியைத் தேடி இரண்டு பெண்களும் படியேறுகிறார்கள். கிளாடிஸ் ஸ்மித் என்று கேட்கிறார்கள். அங்கே அவள் மேரி பிக்ஃபோர்ட்.

கிரிஃபித்துக்கு இரண்டு பேரில் யார் யாரென்று பிடிபடவில்லை. ரிப்பன் கட்டச் சொல்கிறார். லில்லியனுக்கு நீலம். டொரோதிக்குச் சிவப்பு. நிறத்தைச் சொல்லியே கூப்பிடுகிறார்.

ஒத்திகையின் நடுவில் துப்பாக்கியை எடுத்துக் கூரையைப் பார்த்துச் சுடுகிறார். பெண்கள் பதறி ஓடுகிறார்கள். அவருக்கு வேண்டியது அந்த ஓட்டம்.

*

முதல் படம், ‘ஆன் அன்சீன் எனிமி’. சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கை வருகிறது. கையில் துப்பாக்கி. ஆள் தெரிவதில்லை.

இரண்டு சகோதரிகளும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொள்கிறார்கள்.

*

அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. உதடு கறுப்பாக விழுகிறது. நீலம் வெளிறிப்போகிறது.

அவள் கண் நீலம்.

குளோசப்பில் நிறுத்திப் பார்க்கிறேன். நடுவில் ஒரு கரும்புள்ளி. சுற்றிலும் விடியற்காலை.

*

கேமராவைக் கையால் சுற்றுகிறார்கள். பில்லி பிட்ஸர் சுற்றுகிறார். ஒருவருடைய மணிக்கட்டின் வேகத்தில் இன்னொருவருடைய முகம் ஓடுகிறது.

*

1915. ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’. வெள்ளை முக்காடு போட்ட குதிரைக்காரர்கள். கூ கிளக்ஸ் கிளான். அவர்களை ரட்சகர்களாகக் காட்டுகிற படம். வெளியான போதே கறுப்பின மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

அவர்கள் மீட்க வரும் பெண்களில் ஒருத்தி லில்லியன். முகம் மிக அழகாக விழுந்திருக்கிறது.

இரண்டையும் பிரித்து வைக்கப் பார்க்கிறேன். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் குதிரைகள் ஓடுகின்றன.

*

2019. ஓஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகம் தன் திரையரங்கிலிருந்து கிஷ் சகோதரிகளின் பெயரை எடுக்கிறது. 1976-ல் வைத்த பெயர்.

எழுத்து இருந்த இடமும் சுவர்தான்.

*

‘இன்டாலரன்ஸ்’. நாலு காலம், நாலு கதை. ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அவள் வருகிறாள். தொட்டிலை ஆட்டுகிறாள். அவ்வளவுதான் வேஷம்.

மேலிருந்து ஒரு வெளிச்சம் விழுகிறது. பின்னால் மூன்று பெண்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாபிலோன் விழுகிறது. தொட்டில் ஆடுகிறது.

*

1919. ‘புரோக்கன் பிளாஸம்ஸ்’. லண்டனின் லைம்ஹவுஸ் பகுதி, ஸ்டுடியோவுக்குள் கட்டியது. பதினெட்டு நாளில் எடுத்து முடிக்கிறார்கள். அவள் அப்போதுதான் ஸ்பானிஷ் ஃபுளூவிலிருந்து எழுந்தவள். வயது இருபத்தைந்து. வேஷம் பதினைந்து வயது லூசி. அப்பன் குத்துச்சண்டைக்காரன். வெளியே பட்டதை வீட்டில் தீர்க்கிறவன்.

சிரி என்கிறான்.

அவளுக்கு வரவில்லை. இரண்டு விரலை உதட்டோரங்களில் வைத்து மேலே தள்ளுகிறாள். வாய் சிரிக்கிறது. கண் இருந்தபடியே இருக்கிறது.

இதுவும் அவளே யோசித்தது.

விரல் விலகுகிறது. உதடு தன் இடத்துக்குத் திரும்புகிறது. அந்த ஒரு நொடியை நாலைந்து தடவை பின்னால் ஓட்டிப் பார்க்கிறேன். திரும்பும் போது உதடு கொஞ்சம் தயங்குகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா.

*

அதே படம். அவள் ஒரு சின்ன அடைப்புக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஓர் ஆள் நிற்க இடம். வெளியே அப்பன். கையில் கோடாலி.

கோடாலி கதவில் விழுகிறது. சத்தமில்லை.

அவள் சுற்றுகிறாள். இந்தச் சுவர். அந்தச் சுவர். உள்ளங்கை பலகையைத் தடவுகிறது, வழி இருக்கும் என்பது போல. மறுபடி சுற்றுகிறாள். வாய் திறக்கிறது.

ஊமைப்படத்தில் அலறல் எங்கே போகிறது.

தொண்டை இறுகுகிறது. என் தொண்டை. அது தளர்கிற வரை காத்திருக்கிறேன்.

*

லூசி சாகிறாள். கடைசியாகவும் அந்த இரண்டு விரல்.

*

அவளிடம் அன்பாக இருக்கும் சீனராக நடிப்பவர் ரிச்சர்ட் பார்தெல்மெஸ். வெள்ளைக்காரர். கண்ணை இடுக்கிக்கொண்டே படம் முழுவதும் நடக்கிறார். அதுவும் இந்த அழகுக்குள்ளேயே இருக்கிறது.

*

ஒரே ஒரு படத்தை அவளே இயக்குகிறாள். ‘ரீமாடலிங் ஹெர் ஹஸ்பண்ட்’. 1920. கதாநாயகி டொரோதி.

பிரதி எதுவும் மிஞ்சவில்லை.

*

1926. ‘லா போஹெம்’. காசநோயில் சாகும் மிமி. மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். வாய்க்குள் பஞ்சை வைத்து ஈரத்தை எடுக்கிறாள். காட்சியில் மூச்சு நிற்கிறது. இயக்குநர் கிங் விடோர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நிஜமாகவே போய்விட்டாளோ என்று பயப்படுகிறார்.

உள்ளே போகும் மூச்சு. வெளியே வரும் மூச்சு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். அங்கே எவ்வளவு நேரம் இருக்க முடியும்.

*

‘தி விண்ட்’. 1928-ல் வெளியாகிறது. எடுப்பது கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில். இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரோம் ஸ்வீடன்காரர். கூட நடிக்கும் லார்ஸ் ஹேன்சனும் ஸ்வீடன்காரர். ஊமைப்படத்தில் யார் எந்த மொழியைப் பேசினால் என்ன.

எட்டு விமான எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. விசிறிகள் சுற்றச் சுற்ற மணல் முகத்தில் அடிக்கிறது. வெயில் 120 டிகிரி ஃபாரன்ஹீட். ஃபிலிம் கெட்டுவிடாமல் அதைக் குளிரில் வைத்துக் காக்கிறார்கள்.

மறுபடியும் கருவிக்குத்தான் உபசாரம்.

கதவின் கைப்பிடியைப் பிடிக்கிறாள். உள்ளங்கை வெந்துபோகிறது.

பனிக்கு ஒரு கை. இரும்புக்கு ஒரு கை.

*

லெட்டி என்கிற பெண். காற்று ஓயாத ஊருக்கு வந்து சேர்ந்தவள். ஒருவனைச் சுட்டுக் கொல்கிறாள். மணலில் புதைக்கிறாள். ஜன்னலுக்கு வந்து வெளியே பார்க்கிறாள்.

காற்று மணலை அள்ளிக்கொண்டு போகிறது. புதைத்தது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்.

மின்விசிறியை நிறுத்துகிறேன். அப்போதும் காற்று கேட்கிறது.

*

பேசும்படம் வந்துவிடுகிறது. அவள் நாடகத்துக்குத் திரும்புகிறாள். 1930-ல் செகாவின் ‘வான்யா மாமா’. 1936-ல் ஜான் கீல்குட் ஹாம்லெட், அவள் ஒஃபீலியா. வயது நாற்பத்து மூன்றை நெருங்குகிறது.

நாடகம் முடிந்ததும் கரைந்துவிடுகிறது. நிறுத்திப் பார்க்க முடியாது. பின்னால் ஓட்ட முடியாது.

*

1948. அம்மா போகிறார். கிரிஃபித்தும் அதே வருடம்.

*

இதுவரை அவள் என்றே எழுதி வந்திருக்கிறேன். பனிப்பாளத்தில் அவள். அடைப்புக்குள் அவள். இனி வருகிற படங்களில் தலை நரைத்திருக்கிறது. பேனா தானாக அவர் என்று போடுகிறது.

எந்த வருடத்தில் மாறியது என்று திரும்பிப் படிக்கிறேன். தெரியவில்லை.

*

1955. ‘தி நைட் ஆஃப் தி ஹண்டர்’. நடிகர் சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம். எடுப்பதற்கு முன் அவர் பழைய கிரிஃபித் படங்களைப் போட்டுப் பார்க்கிறார். பிறகு லில்லியனைக் கூப்பிடுகிறார்.

ராத்திரி. ஆடுநாற்காலியில் ஒரு கிழவி. மடியில் துப்பாக்கி. உள்ளே குழந்தைகள் தூங்குகின்றன, அவர் பெறாத குழந்தைகள். வேலிக்கு வெளியே ராபர்ட் மிட்சம், போதகர் வேஷத்தில் வந்த கொலைகாரன். ஒரு கை விரல்களில் அன்பு என்று பச்சை குத்தியிருக்கிறான். மறு கை விரல்களில் வெறுப்பு.

அவன் ஒரு பக்திப் பாட்டைப் பாடுகிறான். இருட்டில் அது வீட்டை நோக்கி வருகிறது. சற்றுப் பொறுத்து அவரும் கூடவே பாடுகிறார். அவனுக்காக அல்ல. அவனை எதிர்த்து என்றும் சொல்ல முடியவில்லை. பாட்டு அவருக்கும் தெரிந்த பாட்டு.

ஒரு பெண் மெழுகுவர்த்தியோடு வருகிறாள். வெளிச்சத்தில் வெளியே இருப்பது மறைகிறது. ஊதி அணைக்கிறார்கள். அவன் அங்கே இல்லை.

தோட்டத்தில் ஓர் ஆந்தை. ஒரு முயல்.

துப்பாக்கியின் மேல் அந்தக் கை. பனியில் கிடந்த கை. முப்பத்தைந்து வருடம்.

*

1968. இத்தாலியின் ரப்பால்லோவில் டொரோதி போகிறாள். சிவப்பு ரிப்பன்.

லில்லியன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடி வீடு. 1971-ல் கௌரவ ஆஸ்கர். ஊர் ஊராகப் போய்ப் பழைய படங்களைப் பற்றிப் பேசுகிறார். ஊமைப்படங்களைப் பற்றிய பேச்சு.

*

1993 பிப்ரவரி 27. தூக்கத்தில். வயது 99. தங்கைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

நூறுக்கு ஏழரை மாதம் குறைகிறது. கழன்று விழுந்த மூன்று வருடத்தைக் கணக்கில் விட்டால் இன்னும் குறையும்.

*

கடைசிப் படத்தைப் போடுகிறேன். ‘தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’. 1987. லிண்ட்சே ஆண்டர்சன். மெய்ன் மாநிலத்தின் கிளிஃப் தீவில் எடுத்தது. படப்பிடிப்பில் அவருக்கு 93 வயது நிரம்புகிறது.

இரண்டு சகோதரிகள். லிபிக்குக் கண் தெரியாது. அது பெட்டி டேவிஸ். சாரா, லில்லியன்.

சாரா லிபிக்குத் தலை வாரிவிடுகிறார். நீளமான வெள்ளை முடி. சீப்பு மேலிருந்து கீழே வருகிறது. யாரும் பேசவில்லை.

சீப்பைப் பிடித்திருக்கும் விரல்களையே பார்க்கிறேன். படத்தில் என்ன நடக்கிறது என்பது கொஞ்ச நேரம் விட்டுப்போகிறது.

*

இரவில் சாரா தனியாக மேஜை போடுகிறார். மெழுகுவர்த்தி. ஒயின். எப்போதோ இறந்துபோன கணவனின் புகைப்படம். ஒரு வெள்ளை ரோஜா, ஒரு சிவப்பு ரோஜா. இன்று கல்யாண நாள். புகைப்படத்தோடு பேசுகிறார்.

இது பேசும்படம். இருந்தாலும் ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறேன். உதடு அசைகிறது. புரிகிறது.

*

காலை. சாரா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பாறை முனைக்குக் கூட்டிப் போகிறார். சின்ன வயதில் இருவரும் திமிங்கிலம் பார்க்க ஓடிவந்த இடம். மெதுவாக நடக்கிறார்கள். லிபி கேட்கிறார். சாரா கடலைப் பார்க்கிறார்.

தண்ணீர். வெளிச்சம். தண்ணீர்.

*

மேஜையில் பாத்திரம். ஐஸ் கரைந்துவிட்டது. தண்ணீரை இன்னும் கொட்டவில்லை.